கை படாத புத்தகம்

அருளப்பனுக்கு ஐம்பத்து நான்கு வயது. இருபத்தாறு வருடம் அறிவியல் பாடப் புத்தகங்களுக்குப் படம் வரைந்தவர். அவர் வரைந்த தவளையின் வயிற்றைப் பார்த்தே பாதி ஜில்லா பரீட்சை எழுதியிருக்கிறது. அந்த வேலையை விட்டுவிட்டுக் குழந்தைகளுக்குப் படம் போடப் போகிறேன் என்று அவர் சொன்னபோது மனைவி இரண்டு நாள் பேசவில்லை.

முதல் புத்தகம் கிடைத்தது. குளத்தை விட்டு ஏற மறுக்கும் எருமைக்கன்றின் கதை. மொத்தம் எட்டுப் படங்கள். பதிப்பகம் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டது. இன்னும் பதினைந்து நாளில் சரியாக வராவிட்டால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள்.

காலையிலேயே கோதைநாயகியின் வீட்டுக்குப் போனார். குழந்தைகள் புத்தகங்களுக்கு வரைகிறவர் அவர். அருளப்பனைவிடப் பதினாறு வயது சின்னவர். ஆனாலும் ஒரு வருடமாக அவர்தான் குரு. இவர் “டீச்சர்” என்பார், அவர் “அண்ணாச்சி” என்பார்.

கோதைநாயகி இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். படத்துக்காக இடது கையை நீட்டினார்.

“கை கழுவிட்டுப் பாருங்க டீச்சர்.”

கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு படத்தின் மேலும் ஒரு மெல்லிய தாள் ஒட்டியிருந்தது. தூக்கித் தூக்கிப் பார்த்தார். கன்றின் உடம்பில் ஒரு மயிர்கூட விடுபடவில்லை.

“குளம்பு சரியா இருக்கு” என்றார்.

அருளப்பனின் முகம் சுண்டிவிட்டது. குளம்பை மட்டும் பாராட்டினால் மற்றதெல்லாம் போச்சு என்று அர்த்தம்.

“நீங்க யாரு படத்தப் பாத்து வரையக் கத்துக்கிட்டிய? அதக் காட்டுங்க டீச்சர். நானும் உக்காந்து கத்துக்கிடுதேன். விடமாட்டேன்.”

கோதைநாயகி எழுந்துபோய் பீரோவைத் திறந்தார்.

உள்ளே கிழிந்த புத்தகங்கள். எல்லாம் அவரே வரைந்தவை. வருடா வருடம் அங்கன்வாடிகளுக்குப் புதுப் பிரதியைக் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கி வருவது அவர் வழக்கம்.

அருளப்பன் ஒன்றைப் பிரித்தார். ஒரு மீனின் திறந்த வாயில் காய்ந்த சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. இன்னொன்றில் பூதத்தின் கண் இரண்டையும் யாரோ நகத்தால் தோண்டியிருந்தார்கள். வேறொன்றில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் மடி மட்டும் அழுக்கேறிக் கறுத்திருந்தது.

“என்ன இப்படி நாசம் பண்ணியிருக்குதுவ! பசை குடுங்க டீச்சர், அரை நாள்ல ஒட்டித் தாரேன்.”

“அப்படியே வச்சிருங்க.”

மேல்தட்டில் ஒரே ஒரு புத்தகம் மட்டும் மடிப்புக் கலையாமல் இருந்தது. நிலா வெளிச்சத்தில் நிற்கும் மயில். அருளப்பன் பார்த்துப் பார்த்துப் பொறாமைப்பட்ட படம்.

“இதுக்குத்தான பரிசு வந்துச்சு?”

“ஆமா.”

“அதான் பத்திரமா வச்சிருக்கிய.”

“நான் எங்க வச்சேன்? மூணு வருசம் அங்கன்வாடியில கெடந்துட்டு வந்திருக்கு.”

அருளப்பன் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். ஒரு விரல் தடம்கூட இல்லை. தன் படங்களை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் தெருமுனை அங்கன்வாடியில் போய் உட்கார்ந்தார். படங்களைப் பரப்பினார்.

“தொடாம பாருங்க, மக்கா.”

இருபத்தாறு வருடப் பழக்கம், வாய் சும்மா இருக்குமா? பிள்ளைகள் தொடவில்லை. ஒரு நிமிடம் பார்த்துவிட்டு ஜன்னலில் வந்த பூனையிடம் ஓடிவிட்டார்கள். அருளப்பனுக்கு அழுகை வந்தது.

அதற்காக எழுந்து போய்விடவில்லை. அன்றும் அடுத்த இரண்டு நாளும் அங்கேயே இருந்தார். மூன்றாம் நாள் மாலை நான்கு வயது இசக்கியம்மாளை அவள் அம்மா கூப்பிட வந்தாள். பிள்ளை போகமாட்டேன் என்று ஜன்னல் கம்பியைக் கட்டிக்கொண்டாள். கண்ணை இறுக்கி மூடி, மூக்கை மட்டும் தூக்கி, கழுத்தைத் தோளுக்குள் புதைத்துக்கொண்டு நின்றாள்.

அருளப்பன் பையைத் துழாவிப் பென்சிலை எடுத்தார்.

வீட்டுக்கு வந்து எட்டுப் படங்களையும் முதலிலிருந்து வரைந்தார். மனைவி இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டு, மூன்றாம் முறை தட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். படத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “யாரு இது, நம்ம பெரியவ சின்னதுல அடம்பிடிச்ச மாதிரி இருக்கு?” என்று கேட்டாள்.

பதின்மூன்றாம் நாள் மத்தியானம் அருளப்பன் கோதைநாயகியின் வீட்டுக்கு ஓடிவந்தார். சட்டையெல்லாம் வேர்வை.

“போச்சு டீச்சர்! நல்லா வந்த படம் போச்சு.”

“என்ன ஆச்சு?”

“இன்னைக்கு அங்கன்வாடிக்குக் கொண்டுபோனேன். மேல தாள் ஒட்டல. தொடாதன்னும் சொல்லல. பிள்ளைய சத்துமாவு உருண்டை தின்னுக்கிட்டு இருந்துதுவ. அந்த இசக்கியம்மா வந்தா. ‘ஏறி வா, ஏறி வா, ஒங்க அம்ம தேடுவா’ன்னு கன்னுக்குட்டி மூக்கப் பிடிச்சு இழுத்துட்டா.”

படத்தை நீட்டினார். குளத்துத் தண்ணீரில் எருமைக்கன்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தது. அதன் மூக்கிலிருந்து கரைவரை ஐந்து விரல்களின் மாவுத் தீற்றல்.

கோதைநாயகி வாங்கிப் பார்த்தார். கை கழுவட்டுமா என்று கேட்கவில்லை.

“இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு டீச்சர். திரும்ப வரையணும்.”

“வரைங்க.”

“இத என்ன செய்ய?”

கோதைநாயகி பீரோவைத் திறந்தார். மேல்தட்டிலிருந்து மயிலை எடுத்து நாற்காலியில் போட்டார்.

“இங்க வைங்க அண்ணாச்சி. நாளைக்கு நான் பாத்து வரையணும்.”