ஆணையர் படிக்காத மனு

கீழப்பட்டணம் வணிகர் சங்கத்தில் மனு எழுதுவதற்கென்றே சம்பளம் வாங்கியவள் செல்லக்கனி. நகராட்சி ஆணையர் பரிபூரணம் கடைத்தெருவை ஒருவழிப் பாதையாக்கியதில் வியாபாரம் படுத்துவிட்டது. பதினோரு மனு கொடுத்துப் பார்த்தாள்.

“மனு படிக்க எனக்கு ஏதும்மா நேரம்? படிக்காமலே புரிய வச்சிடு, அன்னிக்கே உத்தரவை எடுத்துடறேன்” என்று ஆணையர் சிரித்தார்.

“சரிங்க ஐயா” என்றாள் செல்லக்கனி.

மறுவாரமே ஆணையருக்கு ‘போக்குவரத்துப் பேரரசர்’ பட்டமளிப்பு விழா என்று அழைப்பிதழ் போனது. இடம், கடைத்தெருவில் அவர் அலுவலகத்துக்கு எதிர்வரிசையில், வண்டி போகும் திசைக்கு எதிராக இரண்டு கடை தள்ளி இருக்கும் சங்கக் கட்டடம். நாலு எட்டு வைத்தால் வந்துவிடலாம். ஆனால் பேரரசர் நடப்பாரா? ஜீப்பில் ஏறினார். ஒருவழிப் பாதை அவரைப் பேருந்து நிலையம், மார்க்கெட், ரயில்வே கேட் என்று ஊரெல்லாம் சுற்ற வைத்தது. கேட் வேறு மூடியிருந்தது.

ஒன்றேகால் மணி நேரம் கழித்து அவர் வேர்க்க விறுவிறுக்க வந்து இறங்கியபோது கேசரி தீர்ந்து, கூட்டமும் கலைந்திருந்தது. செல்லக்கனி மட்டும் பொன்னாடையோடு நின்றாள்.

“எதிர்த்தாப்பல வர இவ்வளவு நேரமா? எந்த மடையன்யா இப்படிப் பாதை போட்டது?” என்று டிரைவர்மேல் பாய்ந்தார் ஆணையர்.

செல்லக்கனி பொன்னாடையைப் போர்த்தினாள். “பதினோரு மனுவிலயும் அந்த ஒரு வரியைத்தான் மரியாதைக்காக எழுதாம விட்டேன், ஐயா.”

மறுநாள் ஒருவழிப் பலகை இறங்கியது. பட்டம் மட்டும் இன்றுவரை அவரை விட்டு இறங்கவில்லை.