பட்டமரத்துச் செங்காந்தள்

ஒரு காட்டின் குறுக்கே ஆறு ஓடியது. அதைக் கடக்க மேல்துறை, கீழ்த்துறை என்று இரண்டே வழிகள். மழைக்காலத்தில் எது நல்ல வழி, எதில் சுழல் என்பது அடிக்கடி மாறிவிடும்.

பெண் யானை ஒன்று ஆற்றில் இறங்கி ஆழம் பார்க்கும். பார்த்ததைக் கரையோர ஆலமரத்துக் குரங்கிடம் சொல்லும். குரங்கு குன்றின் மேலிருந்த பட்டமரத்துக்குப் போய், செங்காந்தள் கொத்து ஒன்றைத் தொங்கவிட வேண்டும். மேல்துறை நல்லதென்றால் மேல் கிளையில். கீழ்த்துறை நல்லதென்றால் கீழ்க்கிளையில். அந்தச் சிவப்பு அக்கரைக்கும் பளிச்சென்று தெரியும்.

குரங்கு மகா கெட்டி. ஒரு தடவை கேட்டதை மறக்காது.

ஒரு நாள் காலையில் பெருமழை பெய்து ஓய்ந்தது. பூங்கொத்து கீழ்க்கிளையில் இருந்தது. யானை வந்து, "கீழ்த்துறையில் சுழல் விழுந்துவிட்டது. இனி மேல்துறைதான்" என்றது.

"சரி, யானையக்கா" என்றது குரங்கு. ஆனால் எழுந்திருக்கவில்லை.

காட்டுப்பன்றி வந்து கேட்டது. "மேல்துறை!" என்றது குரங்கு. முயல் வந்து கேட்டது. "மேல்துறை!" என்றது மறுபடியும். கேட்டவர்களுக்கெல்லாம் அந்த நொடியே சரியான பதில் கிடைத்தது.

சற்று நேரத்தில் யானை திரும்பி வந்தது. "மேல்துறையில் பெரிய மரம் ஒன்று அடித்துக்கொண்டு வந்து சிக்கிக்கிடக்கிறது. கீழ்த்துறையில் சுழல் அடங்கிவிட்டது. கீழே போகச் சொல்."

குரங்குக்குச் சிரிப்பு வந்தது. "நல்ல வேளை, நான் குன்றேறவில்லை! ஏறியிருந்தால் இப்போது பூவை மறுபடி பழைய கிளைக்கே இறக்க வேண்டியிருக்கும்!"

உச்சிவேளையில் யானை மூன்றாம் முறையாக வந்தது. "கீழ்த்துறையில் மணல் அரித்துப் பள்ளமாகிவிட்டது. மேல்துறை மரத்தை நான் இழுத்துப் போட்டுவிட்டேன். பூவை மாற்றிவிட்டாயா?"

"எல்லாம் என் தலையில் இருக்கிறது, அக்கா. கடைசியாக ஒரே தடவை ஏறி மாற்றிவிடுகிறேன். அதுவரை யார் கேட்டாலும் சொல்ல நான் இருக்கிறேனே!"

யானை மேற்கொண்டு பேசுவதற்குள் அக்கரையில் புதர்கள் அதிர்ந்தன. செந்நாய்கள் துரத்த, மான்கூட்டம் ஒன்று குட்டிகளோடு பாய்ந்து வந்தது. முன்னால் ஓடிய கலைமான் தலையைத் தூக்கிக் குன்றைப் பார்த்தது.

"பூ கீழே இருக்கிறது! கீழ்த்துறைக்கு ஓடுங்கள்!"

"ஐயோ, மேல்துறை! மேல்துறை!" என்று குரங்கு தொண்டை கிழியக் கத்தியது. ஆற்றின் இரைச்சலில் அந்தக் குரல் பாதி ஆற்றைக்கூடத் தாண்டவில்லை.

மான்கள் பள்ளத்தில் விழுந்தன. வெள்ளம் அவற்றைப் புரட்டியது. யானை பிளிறிக்கொண்டு ஆற்றில் பாய்ந்தது. நீரோட்டத்துக்குக் குறுக்கே சுவர்போல நின்று, இழுபட்டு வந்த மான்களைத் தன் உடம்பால் தடுத்தது. குட்டிகளைத் துதிக்கையால் தூக்கிக் கரையில் விட்டது. அடித்து வந்த மரக்கட்டை ஒன்று அதன் முன்னங்காலைக் கிழித்தது. யானை நகரவில்லை. அதைக் கண்ட செந்நாய்கள் ஆற்றில் இறங்காமல் திரும்பிப் போயின.

மான்கள் எல்லாம் பிழைத்தன. கலைமான் மூச்சு வாங்க ஆலமரத்தடிக்கு வந்தது.

"குரங்கே, ஏன் இப்படிச் செய்தாய்?"

"நான் யாருக்கும் தவறாகச் சொல்லவே இல்லை! பன்றியைக் கேள், முயலைக் கேள்!"

"அவர்கள் உன்னைக் கேட்டார்கள். நாங்கள் பூவைத்தானே பார்த்தோம்?"

குரங்கு யானையின் காலிலிருந்து வழிந்த இரத்தத்தைப் பார்த்தது. உடனே குன்றேறிப் பூவை மேல் கிளைக்கு மாற்றியது. திரும்பி வந்து, அக்கரையில் வாழும் மயில் இக்கரைக்குப் பறந்து வந்தபோது அதைக் கூப்பிட்டது.

"இந்தக் கரைக்காரர்களுக்கு நானே பதில் சொல்லிக்கொள்வேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் குன்றேறினால் என் கால் ஒடிந்துவிடும். அக்கரையில் யாராவது ஆற்றுக்கு வருவது தெரிந்தால், எட்டத்தில் வரும்போதே நீ அகவு. உன் குரல் ஆற்றின் இரைச்சலையும் தாண்டிக் கேட்கும். அவர்கள் பார்ப்பதற்குள் பூ சரியான கிளையில் இருக்கும்."

"நான் அகவும்போது நீ தின்றுகொண்டிருந்தால்?" என்றது மயில்.

"போட்டுவிட்டு ஓடுவேன்."

அடுத்த மழையில் குரங்குக்கு ஒரு முழுப் பலாப்பழம் கிடைத்தது. முதல் சுளையைப் பிய்த்தபோது மயில் அகவியது. குரங்கு பழத்தை அப்படியே விட்டுக் குன்றுக்குப் பாய்ந்தது. சிவப்புக் கொத்து கிளை மாறியது. மான்கள் அதைப் பார்த்துக் கால் நனைய நிதானமாக ஆற்றைக் கடந்தன.

குரங்கு திரும்பி வந்தபோது காட்டுப்பன்றி கடைசிச் சுளையை விழுங்கிக்கொண்டிருந்தது.

"மான்கள் வந்து சேர்ந்தனவா?" என்று கேட்டது பன்றி.

"எல்லாம் வந்து சேர்ந்தன" என்று நிமிர்ந்து சொன்னது குரங்கு.

நீதி: செய்தி உனக்குத் தெரிந்தால் போதாது, அதை நம்பி நடப்பவர் பார்க்கும் இடத்தில், அவர் பார்ப்பதற்கு முன்பே அது இருக்க வேண்டும்.