சோறு ஆறுது, வாங்க

ரொம்பக் காலத்துக்கு முன்னே, கொக்குகளுக்கும் பேர் இருந்த காலத்திலே, வேங்கைநாட்டில் செங்கோடன் என்றொரு தண்டோராக்காரன் இருந்தான். அவன் ஒருதரம் கூவினால் ஏழு தெருவுக்குக் கேட்கும்.

மூன்று வருஷத்தில் மூன்று தண்டோரா போட்டான். முதல் வருஷம், "வீட்டுக்கு ஓர் ஆண் போருக்கு!" என்றான். போனவர்கள் திரும்பவில்லை. அடுத்த வருஷம், "களத்து நெல்லெல்லாம் அரண்மனைக்கு!" என்றான். அடுப்புகள் அணைந்தன. மூன்றாம் வருஷம் கீழூரில் கொள்ளைநோய். "கீழூர்க் கதவை அடையுங்கள், ஒருவரும் வெளியே வரக்கூடாது!" என்றான். உள்ளே அழுகை ஒன்பது நாள் கேட்டது. பத்தாம் நாள் கேட்கவில்லை.

"சொன்னது ராஜா. நான் வெறும் குரல்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான் செங்கோடன்.

அதன்பிறகு அவன் சாப்பிட உட்கார்ந்தபோதெல்லாம் மூன்று கொக்குகள் வாசலில் வந்து நின்றன. விரட்டினால் போகவில்லை. அள்ளிப் போட்டால் தின்னவில்லை. சின்னக் கொக்கின் காலில் ஒரு கறுப்புக் கயிறு. கண்ணேறு படாமலிருக்கத் தாய்மார் குழந்தைக்குக் கட்டுவார்களே, அதே கயிறு.

அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஏரிக்கரை மாயக்காரியிடம் ஓடினான்.

"வாய்யா தண்டோரா! உன் குரல் அநாதையாக்கிய பிள்ளைகளைத் தேடி வந்தாயா?"

"சொன்னது ராஜா. நான் வெறும் குரல்."

"ராஜா சொன்னது அவர் அறைக்குள் கேட்டது. ஏழு தெருவுக்குக் கேட்டது எது?"

அவன் வாசலில் வந்து நிற்கும் மூன்று கொக்குகளைப் பற்றிச் சொன்னான்.

"அந்தப் பிள்ளைகள்தான் அவை. கீழூர்க் கதவிடுக்கில் நழுவி வந்த சின்னவளோடு, எல்லாரும் இந்தக் கரையில் உட்கார்ந்து அழுதுகொண்டே இருந்தார்கள். என்னால் தாங்க முடியவில்லை. கொக்காக்கி விட்டேன். மூன்றுதான் உன் வாசலுக்கு வந்தன, மற்றவை இன்னும் ஏரியில். கொக்குக்குப் பசிதான் தெரியும், துக்கம் தெரியாது."

"மறுபடி பிள்ளைகளாக்கு, தாயே."

"எனக்கு மாயம் போடத்தான் தெரியும், எடுக்கத் தெரியாது. பெற்றவள் கூப்பிடுவதுபோல் யாராவது சாப்பிடக் கூப்பிட வேண்டும். நீ கூப்பிட்டால், ஒரு பிள்ளைக்கு உன் குரலில் ஒரு பங்கு போகும். அந்த மூன்று பேரும் திரும்பினால் நீ ஊமை."

"குரல்தானே எனக்குச் சோறு!"

"அதனால்தான் அதைக் கேட்கிறது மாயம்."

செங்கோடன் வீட்டுக்கு வந்து பானை நிறையச் சோறு வடித்தான். வாசலில் நின்றான். பழகிய கை தமுக்கை எடுத்தது. டம், டம், டம்.

"இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்..."

கொக்குகள் அலறிப் பறந்தன. மூன்றுமுறை கேட்ட வார்த்தைகள் அல்லவா!

செங்கோடன் தமுக்கை உடைத்து அடுப்பில் வைத்தான். பிறகு தெருத்தெருவாகப் போய், அநாதையான பிள்ளைகளை அந்தந்த வீட்டம்மா எப்படிக் கூப்பிடுவாள் என்று கேட்டான். போர் எடுத்த வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். பசி எடுத்த வீட்டுக்கும் சொன்னார்கள். கீழூர்க் கதவைத் திறந்தான். அங்கே சொல்ல ஒருவருமில்லை. 'சொன்னது ராஜா' என்று ஆரம்பித்தான். முடிக்கவில்லை.

மறுநாள் உச்சிவேளையில் கொக்குகள் வந்தன.

"மொட்டையா, வாடா சாப்பிட!" இறகு உதிர்ந்து ஒரு பையன் நின்றான்.

"வள்ளிக்குட்டி, வாம்மா சாப்பிட." கரகரத்த குரலுக்கு ஒரு சிறுமி ஓடிவந்தாள்.

கறுப்புக் கயிறு கட்டிய கொக்கு மட்டும் தலையைச் சாய்த்துக் காத்திருந்தது. அதன் பேர் இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது. செங்கோடன் மண்டியிட்டான்.

"மகளே... சோறு ஆறுது, வாம்மா."

பக்கத்து வீட்டுக்குக்கூட அது கேட்டிருக்காது. கொக்குக்குக் கேட்டது.

அடுத்த நாளே அரண்மனை ஆள் வந்தான். "ஓய், புதுப் போர்! தண்டோரா போடு!" செங்கோடன் வாயைத் திறந்து காட்டினான். காற்றுதான் வந்தது. வந்தவன் கத்திப் பார்த்தான். தெருமுனை தாண்டிக் கேட்கவில்லை. போருக்கு ஒருவரும் போகவில்லை.

பிள்ளைகள் சாப்பிட உட்கார்ந்தார்கள். செங்கோடன் உட்காரவில்லை. அந்தச் சோற்றில் தனக்குப் பங்குண்டா என்று அவனுக்குத் தெரியவில்லை. வாசலில் போய் நின்றான்.

"அப்பா, சோறு ஆறுது, வாங்க!" என்றாள் சின்னவள்.

ஏழு தெருவுக்குக் கேட்டது அது. ஏரியில் மிச்சமிருந்த கொக்குகளெல்லாம் கழுத்தை நிமிர்த்தின.

இன்னும் தட்டுகள் வைக்க வேண்டும். அவர்கள் வைக்கட்டும், நாம் கதையை இங்கே இறக்கிவைப்போம்.