பூட்டிய பீரோவும் இசக்கி கட்டிய பாலமும்

எங்கள் பள்ளித் தாளாளர் வைரப்பெருமாளுக்குப் பொறியியல் என்றால் உயிர். அதனால்தான் பிள்ளைகள் கையால் செய்து பழக வந்த மாதிரிப் பாலம் கட்டும் பாகங்கள் அடங்கிய பெட்டியைப் பிரிக்காமல் கண்ணாடி பீரோவில் வைத்துப் பூட்டினார். ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் உண்டு. பாலம் கட்டுவது எப்படி என்று நாங்கள் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டோம்.

ஒருநாள் ஆய்வுக்கு வந்த அதிகாரி, "ஒரு பாலம் கட்டிக் காட்டுங்க" என்றார்.

தாளாளர் பீரோவை மறித்து நின்று, ஏழாம் வகுப்பு இசக்கியம்மாளின் காதில் சீறினார்: "பெட்டியைத் தொடக் கூடாது. ஆனா பாலம் வந்தாகணும். இல்லேன்னா டி.சி.தான்."

இசக்கி இரண்டு பெஞ்சுகளைத் தள்ளித் தள்ளிப் போட்டாள். நடுவில் ஒன்றுமே இல்லை.

"பாலம் ரெடி சார். எங்க தாளாளர் ஐயா முதல்ல நடந்து திறந்து வைப்பாங்க."

"பாலம் எங்கடி?" என்று கத்தினார் தாளாளர்.

"பெட்டியைத் தொடாமலே கட்டணும்னு நீங்கதான ஐயா காதுல சொன்னீங்க? அப்படிக் கட்ட முடியும்னா, பாலம் இல்லாமலே நடக்கவும் முடியும்லா?"

அதிகாரி சாவிக்குக் கை நீட்டினார். பெட்டி எங்கள் கைக்கு வந்தது.

தாளாளர் இப்போதும் ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்துப் பூட்டுகிறார், காலி பீரோவை.