கல்லோடு வந்த பாசி

கடலுக்குள் முதல் தடவை யார் கைப்பிடித்து இறக்கிவிடுகிறாரோ அவர்தான் குரு என்பது அந்தக் கரையில் பாசி எடுக்கும் பெண்களின் வழக்கம். வயதெல்லாம் கணக்கில்லை. சந்தனமாரிக்கு ஐம்பது. அவளுடைய குரு நம்புத்தாய்க்கு முப்பதுகூட நிரம்பவில்லை. சந்தனமாரியின் புருஷன் செத்த வருஷம், கடல் இல்லாத மேட்டாங்காட்டிலிருந்து வாழ வந்தவளுக்கு எதற்குக் கடல் என்று மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது, நம்புத்தாய்தான் அவள் விரல்களில் துணி சுற்றிவிட்டு, மூச்சைப் பிடிக்கச் சொல்லிக் கீழே கூட்டிப் போனாள். அன்றிலிருந்து சிஷ்யை குருவைத் ‘தாயி’ என்பாள், குரு சிஷ்யையை ‘அக்கா’ என்பாள்.

அன்றைக்குச் சந்தனமாரி நீருக்கு மேலே தலையை நீட்டும்போதே கொதித்துக்கொண்டிருந்தாள்.

தீவோரத்தில் ஒரு பாறையை, பாசி தழையட்டுமென்று நாற்பது நாளாக யாரும் தொடாமல் விட்டிருந்தார்கள். படகில் போகும் பதினொரு பெண்களும் சேர்ந்து எடுத்த முடிவு அது. நுனியை மட்டும் கிள்ள வேண்டும், அடியில் ஒரு விரற்கடை விட வேண்டும், அப்போதுதான் மறுபடி தழையும். அந்தப் பாறை இப்போது மொட்டையாகக் கிடந்தது. யாரோ இரும்பை வைத்துச் சுரண்டியிருந்தார்கள். யாரோ என்ன யாரோ? சந்தனமாரியின் ஓரகத்தி பூரணம் இடுப்பில் கட்டியிருந்த வலைப்பையில், ஒவ்வொரு பாசியின் அடியிலும் வெள்ளைக் கல் ஒட்டிக்கொண்டிருந்தது.

படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே சந்தனமாரி அவளை வாங்கு வாங்கென்று வாங்கினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எல்லாவற்றையும் இழுத்தாள். பூரணம் வலைப்பையை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டாள். அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. சுரண்டினவளை அந்தப் பருவம் முழுக்கப் படகில் ஏற்றுவதில்லை என்பதும் பதினொரு பேர் போட்ட கட்டுப்பாடுதான். பூரணத்துக்கு இதைவிட்டால் வேறு பிழைப்புக் கிடையாது. அது நன்றாகத் தெரிந்துதான் சந்தனமாரி அவளை இறக்கிவிடச் சொன்னாள்.

“கரையில பேசிக்கலாம். நீங்க பையை ரொப்புங்கக்கா, வெயில் ஏறுது” என்றாள் நம்புத்தாய்.

சந்தனமாரி மறுபடி மூழ்கினாள். விரலில் துணி சுற்றவும் மறந்துபோனாள். எந்தப் பாறை, என்ன பாசி என்று ஒன்றும் பார்க்கவில்லை. கையில் அகப்பட்டதையெல்லாம் பூரணத்தின் கொண்டையாக நினைத்துக்கொண்டு பிடித்து இழுத்தாள். அவ்வளவு சீக்கிரம் அவள் பை ஒருநாளும் நிரம்பியதில்லை.

கரையேறியதும் ஈரச்சேலையோடு குருவின் முன்னால் போய் நின்றாள்.

“இவ இனிமே படகுல ஏறக்கூடாது. நீ சொல்லு தாயி. நீ சொன்னா யாரும் மறுக்க மாட்டாங்க.”

நம்புத்தாய் பூரணத்தின் பையைத் திரும்பியும் பார்க்கவில்லை. சந்தனமாரியின் பையை அவிழ்த்து மணலில் கொட்டினாள். மண்டியிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்து வைக்கத் தொடங்கினாள். சிவப்பு ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம், தவிட்டு நிறம் ஒரு பக்கம். அவள் முகம் கடுகடுவென்றிருந்தது.

“வழக்குக் கொண்டாந்தா நீ கடை பரப்புற” என்றாள் சந்தனமாரி.

“இது என்னக்கா?”

“மரிக்கொழுந்துப் பாசி.”

“இது?”

“கட்டக்கோரை. எனக்குத் தெரியாதா?”

நம்புத்தாய் அடுத்ததைக் கையில் எடுத்தாள். உள்ளங்கை அளவு விசிறி. ஓரத்திலிருந்து உள்ளே வரைக்கும், கோலம் போட்டதுபோல வளைவு வளைவாக வெள்ளைக் கோடு. அதன் பக்கத்தில் கடுகளவு மணிகளோடு திராட்சைக் குலை ஒன்று, பச்சைப் பசேலென்று. இன்னொன்று மகா மெல்லிசு. அதை வெயிலில் தூக்கிப் பிடித்தபோது மறுபக்கத்தில் அவள் விரல் ரேகையெல்லாம் தெரிந்தது. தண்ணீருக்குள் பழுப்பாகத் தோன்றிய ஒரு கொத்து, கரையில் மயில் கழுத்தாக மின்னியது. தினமும் இவற்றுக்கு நடுவில்தான் சந்தனமாரி நீந்தினாள். ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

“இதெல்லாம் என்னக்கா?”

“எவ கண்டா?”

“இதை யாரும் வாங்கவும் மாட்டாக, திங்கவும் மாட்டாக. எதுக்குப் பறிச்சீங்க?”

சந்தனமாரி ஈர முந்தானையைப் பிழியத் தொடங்கினாள்.

நம்புத்தாய் எல்லாவற்றையும் தலைகீழாகத் திருப்பி வைத்தாள். விசிறியின் அடியில் கல். திராட்சைக் குலையின் அடியில் கல். மரிக்கொழுந்தில் பாதிக்கு மேல் கல்லோடு பெயர்ந்து வந்திருந்தது. ஒரு கல்லில் மிளகளவு நத்தை ஒன்று, எங்கே வந்தோம் என்று தெரியாமல் ஊர்ந்துகொண்டிருந்தது.

“பாசிக்கு வேரு கிடையாதுக்கா” என்றாள் ஆத்திரத்தோடு. “கல்லுலேருந்து ஒரு சொட்டு உறிஞ்சாது. அலை அடிக்கிறப்ப புடிச்சிக்கிட்டு நிக்க மட்டுந்தான் இந்த அடி.”

பூரணம் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். மற்ற பெண்களும் சுற்றி வந்து நின்றுவிட்டார்கள். சந்தனமாரிக்குக் காது சுட்டது. பூரணத்தை இறக்கிவிட வந்த இடத்தில் தன் இடமே ஆடுவது அவளுக்குப் புரிந்தது. இருந்தாலும் விட மனசில்லை.

“நான் கோவத்துல புடுங்கிட்டேன் தாயி. தெரியாம நடந்துபோச்சு. அவ பேராசையில சுரண்டினா. ரெண்டும் ஒண்ணா?”

நம்புத்தாய் கையிலிருந்த மணலைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

“நாளைக்கு நீங்களே கீழ போங்க. கண்ணை மூடிக்கிட்டு அவ சுரண்டின பாறையையும் நீங்க புடுங்கின பாறையையும் தடவிப் பாருங்க. எது கோவத்துல மொட்டையாச்சு, எது பேராசையில மொட்டையாச்சுன்னு உங்க கை சொல்லுச்சுன்னா, அவளை மட்டும் இறக்கிவிடுறேன்.”