நாலு மணிக்கு வெளியான வீடியோ

பரிசு ஒன்றுக்கு மூன்று பேர் உரிமை கோரிய வழக்குகளைக் கேட்டிருப்பீர்கள். இது ஒரு குற்றத்துக்கு மூன்று பேர் உரிமை கோரிய வழக்கு. பொறுமையாகக் கேளுங்கள். முடிவில் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

எல்லையில் வான்போர் தொடங்கி ஐந்தாம் நாள். நம் விமானங்கள் அத்தனையையும் தரையிலேயே எரித்துவிட்டதாக எதிரி நாட்டு வானொலி அறிவித்தது. அது பொய். ஆனால் அதை நம்பி எல்லை நகரத்து மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். பேருந்து நிலைய நெரிசலில் ஏழு பேர் மிதிபட்டு இறந்தார்கள். விமானங்கள் பத்திரமாகத் திரும்பி வருவதை ஜனங்கள் கண்ணால் பார்க்க வேண்டும், நாளைக்குள் ஒரு வீடியோ வேண்டும் என்று தலைமையகம் உத்தரவிட்டது. அந்தப் பொறுப்பு விமானப்படையின் செய்தித் தொடர்பு அதிகாரியான விங் கமாண்டர் சிவகாமசுந்தரியிடம் வந்தது.

விமானங்கள் அப்போது எரிமேட்டில் இருந்தன. பல வருஷம் புல் மண்டிக் கிடந்த பழைய ஓடுதளம் அது. எட்டு விமானங்கள் அங்கே மறைத்து நிறுத்தப்பட்டிருப்பது எதிரிக்குத் தெரியாது. அங்கே பொறுப்பில் இருந்த குரூப் கேப்டன் ஞானசிகாமணி, கேமரா உள்ளே வரவே கூடாது என்று இரண்டு முறை மறுத்தார். மூன்றாம் முறை, நெரிசலில் இறந்தவர்களில் நான்கு பேர் குழந்தைகள் என்று சிவகாமசுந்தரி சொன்னபோது இறங்கிவந்தார். ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு விமானங்கள் வேறு தளத்துக்குப் போகின்றன. வீடியோ நான்கு மணிக்கு முன்னால் வெளியாகக் கூடாது.

"மூணு மணிக்கு மேல இங்க ஒரு விமானம்கூட இருக்காது. அதுக்கு நான் பொறுப்பு" என்றார்.

படம் எடுத்தவர் சார்ஜென்ட் பொன்னுரங்கம். முகங்கள், விமான எண்கள், பின்னால் தெரிந்த மலை எல்லாவற்றையும் மறைத்துவிட்டார். ஒரு காட்சியில் இன்ஜின் அடங்கியதும் விமானி தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, "எட்டு பேர் போனோம், எட்டு பேரும் வந்துட்டோம்" என்கிறார். சரியாக அந்த நேரத்தில் பக்கத்து ரயில் நிலையத்தின் ஒலிபெருக்கி, வரப்போகும் வண்டியையும் ஊரின் பெயரையும் அறிவித்தது. அங்கேயே கிடப்பவர்களின் காதில் அது விழுவதே இல்லை. ஹெட்போன் மாட்டியிருந்த பொன்னுரங்கத்தின் காதில் மெல்லியதாக விழுந்தது. இன்னொரு தடவை பேசச் சொல்லலாமா என்று யோசித்தார். அந்த விமானி தூங்கி இரண்டு நாளாகியிருந்தது. எப்படியும் விமானங்கள் போன பிறகுதானே வெளியாகிறது என்று பொன்னுரங்கம் யாரிடமும் சொல்லாமல் விட்டுவிட்டார்.

மறுநாள் மூன்று ஐம்பதுக்கு, விமானங்கள் போய்விட்டனவா என்று ஒருமுறை கேட்டுவிடலாம் என சிவகாமசுந்தரி போனை எடுத்தார். கேட்டால் ஞானசிகாமணி மறுபடியும் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று தோன்றியது. போனை வைத்துவிட்டார். நான்கு மணிக்கு வீடியோ வெளியானது. ஒரு மணி நேரத்தில் எல்லை நகரத்துப் பேருந்து நிலையத்தில் கூட்டம் கரைந்தது. ஜனங்கள் மூட்டைகளோடு வீடு திரும்பினார்கள்.

விமானங்கள் ஆனால் எரிமேட்டிலேயே நின்றன. எட்டும் சேர்ந்தே புறப்பட வேண்டும் என்பது உத்தரவு. இரண்டரை மணிக்கு ஒன்றில் எண்ணெய்க் கசிவு கண்டுபிடிக்கப்பட்டது. அரை மணியில் சரியாகிவிடும் என்றார்கள். சரியாகவில்லை. மூன்று நாற்பதுக்கு ஞானசிகாமணி கடிகாரத்தைப் பார்த்தார். வீடியோ நினைவுக்கு வந்தது. நிறுத்தச் சொன்னால், ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று தலைமையகம் கேட்கும். இதோ இப்போது கிளம்பிவிடுவோம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு ஏவுகணைகள் விழுந்தன. இரண்டு விமானங்கள் எரிந்தன. கசிவை அடைத்துக்கொண்டிருந்த கார்ப்பரல் அந்தோணிமுத்து இறக்கையின் அடியிலேயே இறந்துபோனார். அவருக்கு வயது இருபத்தாறு. வீடியோவில் ரயில் நிலையத்தின் பெயர் கேட்டதை வைத்தே இடத்தைக் கண்டுபிடித்ததாக எதிரி வானொலி மறுநாள் பெருமையடித்துக்கொண்டது.

விசாரிக்க வந்த ஏர் கமடோர் கஸ்தூரிரங்கன், மூவரும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள் என்று எதிர்பார்த்து வந்திருந்தார். நடந்தது வேறு. அந்த ஒலி என் ஒருவன் காதில்தான் விழுந்தது, நான் வாயைத் திறந்திருந்தால் அந்தோணிமுத்து உயிரோடு இருந்திருப்பான் என்றார் பொன்னுரங்கம். கையில் எடுத்த போனை வைத்தது நான், கேட்கப் பயந்தது நான் என்றார் சிவகாமசுந்தரி. ஞானசிகாமணி, "அவங்க ரெண்டு பேரும் என் வார்த்தையை நம்பினாங்க, சார்" என்று மட்டும் சொன்னார்.

மூவருமே சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டவர்கள். அந்த மூன்று மௌனங்களில் எது பெருங்குற்றம்?

விடை: கஸ்தூரிரங்கன் இப்படி எழுதினார். சார்ஜென்ட் தெரிவிக்காதது தவறுதான். ஆனால் விமானங்கள் இல்லாத இடத்தின் பெயர் வெளியே போவதில் ஆபத்தில்லை என்று அவர் நம்பக் காரணம் இருந்தது. விங் கமாண்டர் கேட்டிருக்க வேண்டும். ஆனால் குரூப் கேப்டன் அவருக்குக் கொடுத்த வாக்கு அதுவரை திரும்பப் பெறப்படவில்லை. வீடியோ நான்கு மணிக்கு வரும் என்பதும், விமானங்கள் இன்னும் போகவில்லை என்பதும் ஒருசேரத் தெரிந்தவர் குரூப் கேப்டன் ஒருவரே. பெருங்குற்றம் அவருடையது.

தீர்ப்பு வந்த வாரமே ஞானசிகாமணி அந்தோணிமுத்துவின் வீட்டுக்குப் போனார். யாரும் அனுப்பவில்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் அப்பா சூசையிடம் சொன்னார். பெரியவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "ஒரு போன் பண்ண எவ்வளவு நேரம் ஆகும், சார்?" என்றார்.

"ஒரு நிமிஷம்" என்றார் ஞானசிகாமணி.