சம்பவ இடம்

இந்தக் கதையில் குருவுக்குத் தாடி கிடையாது. சீடருக்குத்தான் நரைத்த மீசை இருந்தது. குரு, பங்குக் கோயிலில் விவிலிய வகுப்பு எடுக்கும் சிஸ்டர் பிரிஜித்தா, வயது நாற்பத்திரண்டு. சீடர், ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் தனிஸ்லாஸ், வயது அறுபத்தைந்து.

தனிஸ்லாஸின் மனைவி அமலோற்பவம் இறந்து நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது. அத்தனை நாளும் அவர் யார்மேலாவது எரிந்து விழுந்துகொண்டே இருந்தார். அதைத் துக்கம் என்று யாராவது சொன்னால் அவர்கள் மேலும் எரிந்து விழுந்தார். அன்றைக்குச் சிஸ்டரின் முறை.

வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின், ஒரு கேஸ் கட்டை மேஜைமேல் தொப்பென்று போட்டார்.

“கல்லறைக்குக் கல்லு வெட்டுறவன் தினமும் போன் பண்றான். எல்லாரும் போடுற வரியையே போட்டுரட்டுமான்னு கேக்குறான். ‘உயிர்த்தெழும் நம்பிக்கையில் இளைப்பாறுகிறார்.’ முப்பத்தாறு வருஷ சர்வீஸ்ல, நிரூபிக்க முடியாத ஒரு வரிக்கும் நான் கையெழுத்துப் போட்டதில்ல. அவ தலைமாட்டுல மட்டும் போடுவேனா?”

“கட்டுல என்ன சார்?”

“இயேசு உயிர்த்த காலையைப் பத்தி நாலு நற்செய்தியும் சொல்றது. நாலு சாட்சி. கல்லறைக்கு ரெண்டு பெண்கள் போனாங்கன்னு மத்தேயு. மூணு பேருன்னு மாற்கு. ஒருத்தின்னு யோவான். வானதூதர் ஒருத்தரா ரெண்டு பேரா, அதுலயும் தகராறு. என் ஸ்டேஷன்ல இப்படி ஒரு கட்டு வந்திருந்தா எழுதினவன் மூஞ்சியிலயே வீசியிருப்பேன்.”

“சரி.”

“என்ன சரி? வேற வேற மாதிரி சொன்னா அது உண்மைக்கு அடையாளமாம், ஃபாதர் சொல்றார். அப்ப பொய்யன் எல்லாம் ஒரே மாதிரியா சொல்றான்? நீங்களும் அதையே சொல்லாதீங்க. கெட்ட கோபம் வரும்.”

“சொல்ல மாட்டேன். எனக்கும் அந்த வாதம் பிடிக்காது.”

சண்டைக்கு வந்தவருக்குச் சண்டை கிடைக்காவிட்டால் எரிச்சல் ஏறத்தான் செய்யும். ஏறியது.

“அந்தப் பெண்கள் சொன்னதை நம்பச் சொல்றீங்களா, இல்லையா?”

“திருத்தூதர்களே நம்பலை சார். பிதற்றல்னு தள்ளிட்டாங்க. லூக்கா ஒளிக்காம எழுதியிருக்கார்.” சிஸ்டர் கட்டை ஒதுக்கிவிட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். “அமலோற்பவம் அக்கா கடைசி வாரம் உங்ககிட்ட என்ன சொன்னாங்க?”

“அது எதுக்கு இப்போ?”

“சொல்லுங்க. எழுதிக்கிறேன்.”

“திங்கக்கிழமை தோள்பட்டை வலிக்குதுன்னா. புதன்கிழமை தாடைன்னா. வெள்ளிக்கிழமை கேட்டா நெஞ்சு எரியுதுன்னா. நாளுக்கொரு பேச்சு. இதுல எதுடி உண்மை, ஒழுங்கா ஒண்ணைச் சொல்லு, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னேன்.”

சனிக்கிழமை காலையில் அமலோற்பவம் மாரடைப்பில் அடுப்படியிலேயே விழுந்து இறந்துபோனார்.

“எது சார் உண்மை?”

தனிஸ்லாஸ் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துப் படித்தார்.

“மூணும்” என்றார். அடுத்த நொடி மேஜையில் ஓங்கிக் குத்தினார். “என்னைக் குத்திக் காட்டத்தான் எழுதுறீங்களா? உங்களுக்கு என்ன தெரியும்?”

“என்கிட்டயும் சொன்னாங்க சார்!”

வகுப்பில் ஒருநாளும் குரல் உயர்த்தாத சிஸ்டர் கத்திவிட்டார்.

“இதே மூணையும் சொன்னாங்க. நான் ஒரு கேள்விகூடக் கேக்கலை. ஜெபிக்கிறேன் அக்கா, சரியாயிடும்னு அனுப்பி வச்சேன். நீங்க நம்பாம விட்டீங்க. நான் நம்பிட்டு விட்டேன். என்ன பெரிய வித்தியாசம்?”

எழுதிய தாளைச் சிஸ்டர் கேஸ் கட்டுக்குள் செருகினார்.

“பிதற்றல்னு தள்ளினவங்கள்ல ஒருத்தர் மட்டும் எழுந்து ஓடினார். பேதுரு. அவரும் நம்பி ஓடலை. கல்லறையைப் பார்க்க ஓடினார்.”

“அதனால?”

“சம்பவ இடத்துக்கே போகாம ஒருத்தன் கேஸ் கட்டு எழுதினா என்ன பண்ணுவீங்க?”

“தொலைச்சிருவேன்” என்று சட்டென்று சொன்னார் தனிஸ்லாஸ். சொன்ன பிறகுதான் கேள்வி அவருக்கு உறைத்தது.

அடக்கம் முடிந்த நாளிலிருந்து அவர் கல்லறைத் தோட்டத்துப் பக்கமே போகவில்லை. பிள்ளைகள் கூப்பிட்டபோதெல்லாம், கல் வரட்டும் பார்க்கலாம் என்று கத்தி அனுப்பினார். பங்கில் எல்லோருக்கும் அது தெரியும். கேட்கத்தான் ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

“கல்லு வெட்டுறவனுக்கு நான் என்ன பதில் சொல்ல?” அப்போதும் கோபமாகத்தான் கேட்டார்.

“காத்திருக்கச் சொல்லுங்க.” சிஸ்டர் வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினார். “அடக்கத்துக்கு அப்புறம் நானும் கல்லறைக்குப் போகலை சார். பயம். எழுந்திரிங்க.”